ஹெட் கிளார்க்கின் ரிசோரியஸ்

குடிநீர் அலுவலகத்து ஹெட் கிளார்க்கின் சிரிப்பு அவருக்கு முன்னதாகவே பஸ் பிடித்து வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடும். நம்பாதவர்கள் லிஃப்ட்காரரைக் கேட்டுக்கொள்ளலாம். தினமும் அதற்குக் கதவைப் பிடித்தவர் அவர்தான். அந்தச் சிரிப்புக்கு முகம் கிடையாது. இரண்டு வாயோரம், நடுவில் கொஞ்சம் முன்பல், அவ்வளவே. முதல் வாரம் எல்லோரும் பயந்தார்கள். அப்புறம் அதனிடமே லீவு கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்; அது யாருக்கும் இல்லையென்று சொன்னதில்லை.

ஒரே நாளில் வந்த வினையில்லை இது. அந்த ஆபீசுக்கு வந்த ஒவ்வொரு டைரக்டரும் முந்தினவரைவிட மட்டமான ஜோக்கோடு வந்து சேர்ந்தார். ஹெட் கிளார்க் அத்தனைக்கும் சிரித்தார். டைரக்டர் தும்மினால் சிரித்தார், திட்டினால் இன்னும் அகலமாகச் சிரித்தார். இப்படியே வருஷங்கள் உருண்டதில் உடம்பு தேறிப்போன சிரிப்பு ஒருநாள் காலை, அவர் சட்டைப் பித்தானைப் போட்டு முடிப்பதற்குள் கன்னத்திலிருந்து இறங்கிப் போய்விட்டது. அன்று மாலை அவர் திரும்பினார், அது திரும்பவில்லை.

சங்கதி லிஃப்ட்காரர் மனைவி வழியாகக் காய்கறிக் கடைக்கு வந்து, அங்கிருந்து ஹெட் கிளார்க்கின் மனைவி காதில் விழுந்தது. வீட்டில் கழுவி வைத்த தட்டு மாதிரியிருக்கும் அவர் முகத்தோடு ஆயுசெல்லாம் குடும்பம் நடத்தியவள் அவள். பெட்டி கட்டினாள், மகள் வீட்டுக்கு. போகுமுன் ஒரு தீர்ப்பு மட்டும் வேண்டியிருந்தது. மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு நடத்தும் அண்ணனை வரவழைத்தாள். “சிரிப்பே இல்லாதவரோட குடித்தனம் பண்ணிடலாம் அண்ணே. இருந்தும் தராதவரோட முடியாது. எதுன்னு பாத்துச் சொல்லு.”

பேராசிரியர் மாப்பிள்ளையின் தாடையைப் பிடித்து, மாம்பழம் பார்ப்பதுபோல் அழுத்திப் பார்த்தார். பிறகு பாடம் நடத்தினார். அந்தத் தசைக்குப் பெயர் ரிசோரியஸ். லத்தீனில் சிரிக்கிறவன் என்று பொருள். பெயர்தான் பெத்த பெயர். வாயோரத்தைப் பக்கவாட்டில் இழுப்பதைத் தவிர அதற்கு ஒரு மண்ணும் தெரியாது. மனசாரச் சிரிப்பதற்குக் கன்னத்தைத் தூக்கும் தசையும் கண்ணைச் சுருக்கும் தசையும் போதும். சிலர் ரிசோரியஸ் இல்லாமலே பிறக்கிறார்கள்.

“இவருக்கும் பிறவியிலேயே இல்ல. பெட்டியைப் பிரி. தசை பஸ் ஏறிப் போச்சாம்! நான் எத்தனை முகம் அறுத்திருக்கேன், ஒண்ணாவது எழுந்து போயிருக்கா?”

“அவங்கல்லாம் செத்தவங்க அண்ணே. யாருக்காகச் சிரிக்கணும்?”

“நான் அனுப்பல மச்சான்,” என்றார் ஹெட் கிளார்க் பரிதாபமாக. “அதுவா போயிடுச்சு. ஞாயித்துக்கிழமையும் டைரக்டர் வீட்லதான் கிடக்கு.”

அவள் பெட்டியைத் தூக்கிவிட்டாள். அந்த நேரம் பார்த்துப் பேராசிரியருக்குப் போன் வந்தது. கல்லூரி டீன். பேராசிரியர் உட்கார்ந்த இடத்திலிருந்து துள்ளி எழுந்து, பார்க்க முடியாத டீனுக்காக வாயைக் காதுவரை இழுத்து, “பிரமாதம் சார், பிரமாதம்” என்றார். டீன் ஏதோ ஜோக் சொல்லியிருக்க வேண்டும். போனை வைத்த பிறகும் அந்தச் சிரிப்பு அடங்கவில்லை. மெல்லக் கன்னத்தைவிட்டு நழுவி, வேட்டி வழியாகத் தரையில் இறங்கி, கால்மிதியில் ஓரங்களைத் துடைத்துக்கொண்டு, டீன் வீட்டுப் பக்கம் போகிற பஸ்ஸுக்கு நடையைக் கட்டியது.

ஹெட் கிளார்க் அதைப் பார்த்தார். முதலில் அவர் கண்கள் சுருங்கின. அப்புறம் கன்னம் மேலேறியது. பிறகு வயிறு குலுங்க, சுவரைப் பிடித்துக்கொண்டு, விக்கல் வரும்வரை சிரித்தார். வாயோரம் மட்டும் இம்மியும் பக்கவாட்டில் நகரவில்லை. மனைவி வாசற்படியில் நின்று பார்த்தபடி இருந்தாள். இத்தனை நாளும் ஆபீசுக்குப் போனது எதுவென்று அவளுக்கு விளங்கிவிட்டது. அந்தச் சனியன் அங்கேயே இருக்கட்டும் என்று பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அதன்மேலேயே உட்கார்ந்து அவளும் சிரித்தாள்.

பேராசிரியர் இரண்டு கையாலும் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்தார்.

“ஆமா மாப்ளே,” என்றார். “போகத்தான் செய்யுது.”