பேசலாம் என்று முரசறைந்த காலை

துவான் நியாங் தெருவில் வாயைத் திறந்து பதினெட்டு மாதம் ஆகியிருந்தது. ஊமையில்லை. ஷிபோ நகரத்தில் தெருவில் பேசினால் தலை போகும், அவ்வளவுதான்.

எங்கள் சீமையின் படைத்தலைவன், தலைநகர் சாங்கானில் இருக்கும் பேரரசரை மயிரளவும் மதிக்காதவன். அப்பன் செத்ததை மறைத்துப் பதவியில் உட்கார்ந்த ஆசாமிக்கு இரண்டு பேர் பேசினாலே சதியாகப் பட்டது. வீதியில் பேச்சு கூடாது, ராத்திரி விளக்கு கூடாது, ஒரு வீட்டுச் சோறு அடுத்த வீட்டுக்குப் போகக் கூடாது. வம்பிலேயே வளர்ந்த எங்கள் சந்துக்குப் பட்டினியே தேவலை என்று இருந்தது.

நியாங்கின் புருஷன் லூ பிங், எள் ரொட்டி சுடுகிறவன். பக்கத்து வீட்டுக் கிழவர் செத்தபோது மனசு கேட்காமல் சாவு வீட்டுக்கு ஒரு ஜாடி மது கொண்டுபோனான். சந்துக் காவல்காரன் கோவ் சான் காட்டிக்கொடுத்தான். சந்தையில் தலையை வெட்டினார்கள். அந்த ஜாடியில் முதல் கிண்ணம் குடித்தவனும் கோவ் சான்தான். வாயைத் துடைத்துக்கொண்டு நேரே போய்ச் சொல்லியிருக்கிறான்.

போன வாரம் பேரரசரின் படை பனியோடு பனியாக வந்து கோட்டைக்குள் இறங்கியது. பிடிபட்ட எங்கள் படைத்தலைவனின் அதிகாரிகளைக் கட்டவிழ்த்து, கறிச்சோறு போட்டு, அவர்களையே வழிகாட்ட விட்டதால் வந்த வெற்றி. படைத்தலைவனைக் கூண்டு வண்டியில் ஏற்றித் தலைநகருக்கு அனுப்பினார்கள். சந்துக் கதவை ஓடிப்போய்த் திறந்து முதலில் மண்டியிட்டது யார்? கோவ் சான். இப்போது புதுத் தளபதியின் வாசலில் ஈட்டியோடு நிற்கிறான்.

நேற்றுக் காலை முரசறைந்தார்கள். மூன்று தடையும் நீங்கியது, ஜனங்கள் பேசலாம். கூடியிருந்த அத்தனை பேரும் பழக்கதோஷத்தில் வாயை இறுக்கிக்கொண்டு அவரவர் கால் கட்டைவிரலைப் பார்த்தார்கள். ஒருவர் தும்மலைக்கூட விழுங்கினார்.

நியாங் மட்டும் கையில் ஒட்டிய ரொட்டி மாவு காயுமுன் தளபதியின் வாசலுக்கு நடந்தாள்.

"சௌக்கியமா அக்கா? இப்பதான் பேசலாமே!" என்று இளித்தான் கோவ் சான்.

அவளுக்கு உச்சந்தலைவரை பற்றிக்கொண்டு வந்தது. இவனிடமா முதல் வார்த்தையைச் செலவழிப்பது? உள்ளே போய் எழுத்தரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"உன் கோபம் நியாயந்தாம்மா," என்றார் எழுத்தர். "ஆனா சரணடைஞ்சவனுக்குப் பழைய குத்தத்துக்குத் தண்டனை கெடையாது. சாங்கான் உத்தரவு. மன்னிச்சு மன்னிச்சுத்தான் இந்தக் கோட்டையையே பிடிச்சோம். இவனை வெட்டினா, அடுத்த சீமைக்காரன் எவன் நமக்குக் கதவத் தொறப்பான்?"

"அப்ப எம் புருஷன் தலைக்கு என்னங்க பதிலு?"

எழுத்தர் தூரிகையைத் தண்ணீரில் அலசினார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த தூரிகை.

"சரிங்கய்யா," என்றாள் நியாங், பல்லைக் கடித்து. "தண்டிக்கக் கூடாது. பேசலாமா?"

"பேசலாம்."

"சத்தமா?"

"சத்தத்துக்கு அளவு போடல."

"சோறு யாருக்குக் குடுக்கறதுன்னு?"

"அது உன் இஷ்டம்."

அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. சந்து முனையில் கோவ் சான் வீட்டுக்கு எதிரே நின்று ஆரம்பித்தாள். ஜாடி, கிண்ணம், சந்தை, கூடை நனைய அவள் வீட்டுக்குக் கொண்டுவந்த தலை, ஒன்று விடாமல். பதினெட்டு மாதப் பேச்சு. தொண்டை கீறிப்போயும் நிற்கவில்லை. ஒரு கதவு திறந்தது. செத்துப்போன கிழவரின் மருமகள் ஹே வெளியே வந்தாள்.

"நானுந்தான் பாத்தேன்!" என்று கத்தினாள். "இன்னொரு கிண்ணம் வேற கேட்டான், பாவி!"

பிறகு எங்களை யார் அடக்குவது? சந்தே வாயானது.

சாயங்காலம் நியாங் ரொட்டி சுட்டு, கூடையோடு வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டு வந்தாள். காவல் முடிந்து திரும்பிய கோவ் சான் வாசலில் நின்றான். ஈட்டி இல்லாமல் பார்க்க ஆள் குள்ளம்.

"எனக்கு, அக்கா?"

"உனக்குத்தான் பேரரசரு மன்னிப்பு குடுத்திருக்காரே. அதத் தின்னுடா."

இன்று விடிந்ததும் அதே இடத்தில் நின்று, ஜாடியிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.