கட்டில் போடும் நாள்

கூ மாஸ்டர் வாசலில் ஷூவைக் கழற்றுவதற்கு முன்பே என் அறையைப் பார்த்துவிட்டார். எங்கள் வீட்டுக்குள் வருகிறவர்கள் முதலில் பார்ப்பது மீன்தொட்டியைத்தான். அவர் என் அறையைப் பார்த்தார். அப்படித்தான் நடந்ததா, இல்லை கோபத்தில் நானாகச் சேர்த்துக்கொள்கிறேனா என்பது இதை எழுதும்போது எனக்கே சரியாகத் தெரியவில்லை.

அது ஒரு சனிக்கிழமை காலை. என் அண்ணன் ஹோ-லாமுக்கு டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி கல்யாணம். பெண்ணின் பெயர் கிட்-யிங். தனி வீடு கிடைக்க எப்படியும் இரண்டு வருடமாகும். அதுவரை இருவரும் எங்களோடுதான். குவாய் சுங்கில் இருபத்தேழாவது மாடியில் எங்கள் வீடு. உள்ளளவு முப்பத்தாறு சதுர மீட்டர். இரண்டு முறை நானே அளந்திருக்கிறேன். ஓர் அறையில் அப்பாவும் அம்மாவும், இன்னொன்றில் நான். அண்ணன் ஹாலில் மடக்குக் கட்டிலில் படுக்கிறான். புதிதாகக் கல்யாணமானவர்களை மடக்குக் கட்டிலில் படுக்கவைக்க முடியாது. அது எனக்கும் தெரியும். அம்மா என்னிடம் கேட்பாள் என்று மூன்று மாதம் காத்திருந்தேன். என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். அம்மா கேட்கவில்லை. ஃபெங் சுய் பார்க்க கூ மாஸ்டரைக் கூப்பிட்டாள்.

மாஸ்டர் சதுரமான மரத் திசைத்தட்டை இரண்டு கைகளாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஹாலைச் சுற்றினார்.

"மக் அக்கா, இந்தக் கண்ணாடி வாசலைப் பாத்துட்டு நிக்குதே. உள்ள வர்ற நல்லதெல்லாம் தன் மூஞ்சியையே பாத்துட்டு திரும்பிப் போயிடும்."

அம்மா உடனே கண்ணாடியைக் கழற்றிச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"மீன்தொட்டி அடுப்புக்கு நேரா இருக்கு. தண்ணியும் நெருப்பும் நாள் பூரா முறைச்சுக்கிட்டே இருந்தா, வீட்ல மனுஷங்க எப்படி சும்மா இருப்பாங்க?"

"அதான் சொல்றேன் மாஸ்டர், இந்த வீட்ல ஒருநாள்கூட சத்தம் இல்லாம விடியறதில்ல."

மீன்தொட்டியை அண்ணனும் நானும் நகர்த்தினோம். பிறகு அவர் என் அறைக்குள் போனார். ஜன்னலோரம் என் மேசை. அதன் மேல் பாடப்புத்தகங்கள், அளவு நாடா, கால்குலேட்டர். பகலில் லிஃப்ட் பராமரிப்பு நிறுவனம் ஒன்றில், லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களின் போனை எடுப்பது என் வேலை. மாலையில் கட்டட அளவைக்கான டிப்ளமோ வகுப்பு. இது இரண்டாவது வருடம். போன தடவை ஒரு தாளில் நான்கு மார்க்கில் தோற்றேன். அதே தாளை டிசம்பர் பதினான்காம் தேதி மறுபடி எழுத வேண்டும். மூன்றாவது வாய்ப்பு கிடையாது.

மாஸ்டர் மேசையின் மேல் விரலால் தட்டினார்.

"வீட்லயே நல்ல மூலை இதுதான். கல்யாணக் கட்டில் இங்கதான் வரணும். அந்தப் பக்கம் குளியலறைச் சுவர், தலைமாடு அங்க வேண்டாம். இந்த மேசையை எடுத்துடுங்க."

"எடுத்துடலாம்" என்றாள் அம்மா. நான் அவளுக்கு ஒரு கை தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

பிறகு பிறந்த தேதிகள். பன்னிரண்டு வருடச் சுற்றில் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு விலங்கு, அந்த வருடம் பிறந்தவர்களுக்கும் அதுவே. அண்ணன் குதிரை வருடத்துப் பிள்ளை என்றாள் அம்மா. மாஸ்டர் தேதியைக் கேட்டார். தொண்ணூறாம் வருடம் ஜனவரி முப்பது.

"குதிரையா? யாரு சொன்னது?"

"புது வருஷம் பொறந்து மூணு நாள் கழிச்சுத்தானே மாஸ்டர் பெத்தேன்!"

"சிவப்பு உறையில காசு குடுத்து வாழ்த்து சொல்லிட்டா வருஷம் மாறிடுமா? அது ஊருக்கு. ஃபெங் சுய்க்கு வசந்தத் தொடக்கம்தான் கணக்கு. அது பிப்ரவரி நாலாம் தேதி. அதுக்கு முன்னாடி பொறந்தா முந்தின வருஷத்துப் பிள்ளை. உங்க பையன் குதிரை இல்லக்கா, பாம்பு."

"முப்பத்திநாலு வருஷமா குதிரைன்னு சொல்லிட்டிருக்கேனே!" அம்மா அண்ணனை மேலும் கீழும் பார்த்தாள். "அதான் காலையில எழுப்பினா சுருண்டு சுருண்டு படுத்துக்கறானா?"

"பொண்ணு?"

"சேவல், மாஸ்டர்."

"பாம்பும் சேவலும்! இதுக்கு மேல பொருத்தம் தேடினாலும் கிடைக்காது."

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. அண்ணன் என்னைப் பார்த்து நாக்கைப் பாம்பு போல நீட்டினான். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போது எரிச்சலாக இருக்கிறது.

"வீட்ல வேற யாரு?"

அம்மா குரலைத் தாழ்த்தினாள். வியாதியின் பெயரைச் சொல்வது போல. "சின்னவ. புலி."

மாஸ்டர் பற்களுக்கிடையே காற்றை உள்ளே இழுத்தார். என் தேதியை அவர் கேட்கவில்லை.

"டிசம்பர் ஒன்பதாம் தேதி கட்டில் போட நல்ல நாள். புலி அந்தக் கட்டிலைத் தொடக்கூடாது, அந்த அறையில மூச்சு விடக்கூடாது. இந்த மாசக் கடைசியிலேயே அனுப்பிடுங்க. அறை கொஞ்சம் ஆறட்டும்."

அறை ஆறட்டும். நான் என்ன, கொதிக்கிற குழம்பா?

"டுவென் முன்ல என் தங்கச்சி இருக்கா, அங்க போய் இருப்பா" என்றாள் அம்மா.

"அம்மா, பதினாலாம் தேதி எனக்குப் பரீட்சை."

"பரீட்சைதானே, எங்க இருந்து வேணா எழுதலாம்."

சித்தி வீட்டில் மேசை கிடையாது. சாப்பிடுவதே மடக்குப் பலகையில்தான். அங்கிருந்து வகுப்புக்குப் போக ஒரு மணி நாற்பது நிமிடம். இதையெல்லாம் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அளவு நாடாவை இழுப்பதும் விடுவதுமாக நின்றேன்.

கல்யாணத்துக்கும் பிறந்த குழந்தைக்கும் புலி ஆகாது என்பது எனக்குப் புதிதல்ல. பன்னிரண்டு வயதில் மாமா மகளின் கல்யாணத்துக்குப் போனபோது, மணப்பெண் அறைக்குள் எல்லாப் பிள்ளைகளும் ஓடினார்கள். என்னை மட்டும் ஓர் அத்தை தோளைப் பிடித்து நிறுத்தி, கையில் ஆரஞ்சு ஜூஸைக் கொடுத்து, "நீ புலிம்மா, இங்கேயே நில்லு" என்றாள். ஒரு மணி நேரம் கதவுக்கு வெளியே நின்றேன். அந்த அக்காவுக்குக் குழந்தை பிறந்தபோதும் முதல் மாதம் பார்க்க விடவில்லை. அது தப்பென்று அப்போதெல்லாம் எனக்குத் தோன்றவே இல்லை. என்னிடம்தான் ஏதோ இருக்கிறது என்று நம்பினேன்.

வகுப்பில் எங்கள் ஆசிரியர், அளந்ததை ஒரு பக்கமும் பிறர் சொல்லக் கேட்டதை மறுபக்கமும் எழுதச் சொல்வார். திங்கட்கிழமை வகுப்பு தொடங்குவதற்கு முன் நோட்டில் அப்படி ஒரு கோடு போட்டேன். கேட்டது: நான் புலி. அளந்தது என்று எழுதும் பக்கம் காலியாக இருந்தது. அப்போதுதான் மாஸ்டர் அண்ணனுக்குப் போட்ட கணக்கு நினைவுக்கு வந்தது.

என் பிறந்த நாள் தொண்ணூற்றொன்பதாம் வருடம் பிப்ரவரி பத்து. அந்த வருடம் சீனப் புத்தாண்டு பிப்ரவரி பதினாறு. அதனால்தான் அம்மா என்னைப் புலி வருடத்தின் கடைசி வாரத்தில் சேர்த்தாள். ஆனால் வசந்தத் தொடக்கம் பிப்ரவரி நான்கு. நான் அதற்கு ஆறு நாள் பின்னால் பிறந்தவள். மாஸ்டரின் கணக்குப்படி நான் புலியே இல்லை. முயல்.

எனக்கு என் மேலேயே நம்பிக்கை வரவில்லை. நூலகத்துக்குப் போய்ப் பழைய பஞ்சாங்கங்கள் மூன்றை எடுத்துப் பார்த்தேன். மூன்றும் ஒன்றையே சொல்லின. பிறப்புச் சான்றிதழையும் தேடி எடுத்தேன். பிப்ரவரி பத்து, காலை ஒன்பது இருபது. சந்தோஷம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. அந்த ஜூஸ் டம்ளரோடு நின்ற ஒரு மணி நேரத்தை யார் திருப்பித் தருவார்கள் என்றுதான் தோன்றியது.

அடுத்த சனிக்கிழமை கட்டில் வரும் இடத்தைக் குறிக்க மாஸ்டர் மறுபடி வந்தார். கிட்-யிங்கும் வந்திருந்தாள். அப்பா மினிபஸ் ஓட்டப் போயிருந்தார். அண்ணன் மேசையைத் தூக்குவதற்காகச் சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தான்.

நான் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். "மாஸ்டர், பிப்ரவரி நாலுக்கு முன்னாடி பொறந்தா முந்தின வருஷம். அப்ப பின்னாடி பொறந்தா?"

"புது வருஷம். நல்லாக் கேட்டே, பாப்பா."

"நான் பத்தாம் தேதி."

சான்றிதழையும் பஞ்சாங்க நகல்களையும் நீட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு படித்தார். அம்மா எட்டிப் பார்த்தாள்.

"அட, ஆமா" என்றார் மாஸ்டர். "இது முயல்தான்."

"முயலா?" என்றாள் அம்மா. "இவ்வளவு கோபக்கார முயலா?"

"அண்ணனுக்கு ஒரு கணக்கு, எனக்கு ஒரு கணக்கா? இப்ப நான் புலி இல்ல. இங்கேயே இருக்கலாம்தானே?"

மாஸ்டர் கண்ணாடியைக் கீழே இறக்கினார். இனிப்புக் கடையில் நல்லதாக ஒன்றைக் கண்டெடுத்தவர் போல அவர் முகம் பிரகாசமானது. "முயல்னா இன்னும் மோசம் பாப்பா! மணப்பொண்ணு சேவல். முயலும் சேவலும் நேர் எதிர். ஒண்ணை ஒண்ணு இடிச்சுக்கும். புலியாவது எல்லாருக்கும் பொது. முயல் இவங்களுக்குன்னே வந்த மோதல்."

"நல்லவேளை சொன்னீங்க" என்றாள் அம்மா.

அந்த 'நல்லவேளை'யில்தான் எனக்குள் ஏதோ அறுந்தது.

"நான் எலியா இருந்தா? எருமையா இருந்தா? சொல்லுங்க மாஸ்டர், பன்னெண்டுல எது நான்னா இந்த அறையில இருக்கலாம்? ஒண்ணு சொல்லுங்க, அதுவா மாறிக்கறேன்!"

"ஆ யூ! பெரியவர்கிட்ட என்ன பேச்சு இது?" அம்மா என் பெயர் சொல்லி அதட்டி, கையைப் பிடித்தாள். நான் உதறினேன். அவள் கையை நான் உதறியது அதுதான் முதல் தடவை.

"நீ விலங்கை விட்டுட்டு பேசும்மா. அறை வேணும்னு வாயத் தொறந்து என்னைக்காவது என்கிட்ட கேட்டியா?"

கிட்-யிங் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். "என்னது? இவகிட்ட கேக்கவே இல்லையா?"

"அம்மா கேட்டிருப்பாங்கன்னு நினைச்சேன்" என்றான் அண்ணன்.

"நினைச்சியா? பாம்பு ஒண்ணு பாத்துக் கட்டி வெச்சிருக்காங்க எனக்கு. முதுகெலும்பு இருக்கான்னு பாத்தாங்களா?"

"இன்னும் கட்டல" என்று முணுமுணுத்தான் அவன்.

அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். என் கட்டில்தான் அது. இன்னும் வெளியே போகவில்லை. "கேட்டு, நீ முடியாதுன்னு சொல்லிட்டா? அப்புறம் நான் என்ன பண்றது? அவனை ஹால்ல படுக்கச் சொல்றதா, உன்னைத் தொரத்தறதா? மாஸ்டர் சொல்லிட்டா யாரும் யாரையும் தொரத்தல. விதி சொல்லுச்சு, எல்லாரும் கேட்டோம்."

"கேட்டிருந்தா சரின்னு சொல்லியிருப்பேன்."

அதைச் சொன்னபோது அது உண்மையா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை. ஆனால் பொய் சொன்னாலும் சொல்லும் உரிமை எனக்கு இருந்தது.

"இப்ப சொல்ல மாட்டேன்" என்றேன். "பதினாலாம் தேதி வரைக்கும் இந்த மேசை நகராது. நானும் நகர மாட்டேன். ஒன்பதாம் தேதிதான் கட்டில் போடணும்னா மேசை மேல போடுங்க."

அம்மா மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர் அம்மாவைப் பார்த்தார், பிறகு என்னை. பையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்து, எச்சில் தொட்டு இரண்டு பக்கம் புரட்டினார்.

"பதினாறு நல்லா இருக்கு" என்றார். "பாம்புக்கும் சேவலுக்கும் ஒன்பதைவிட நல்லாவே இருக்கு. மோதலுக்குக் கட்டில் காலுக்கடியில சிவப்புக் காகிதம் வெச்சுட்டா போதும். பொண்ணு எங்கயும் போக வேண்டாம், அப்புறம் ஹால்ல படுத்துக்கட்டும்."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு வாரம் நான் தூங்கவில்லை, நூலகத்துக்கு அலைந்தேன், அம்மாவின் கையை உதறினேன். அவருக்கு இரண்டு பக்கம் புரட்டுவது போதுமாக இருந்தது.

"இதை ஏன் போன வாரமே சொல்லல?"

"போன வாரம் யாரும் கேக்கலையே, பாப்பா."

அவர் கிண்டலுக்காகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

"முயலைப் பாத்துப் பயப்படற சேவல் இல்ல நான்" என்று கிட்-யிங் என் தோளில் தட்டினாள். "பதினாறாம் தேதி நீயும் ஒரு முனையைப் பிடி, கட்டில் கனமா இருக்கும்." அண்ணன் சிரித்தான். மாஸ்டரும் சிரித்தார். சண்டை முடிந்துவிட்டது என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். அம்மா தேநீர் போடப் போனாள்.

எனக்குள் அது முடியவில்லை. அவர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன். கூரைச் சரிவின் பரப்பளவு கேட்கும் ஒரு கணக்கை எடுத்தேன். இரண்டு முறை போட்டேன். இரண்டு முறையும் வேறு வேறு விடை வந்தது.

அன்றிலிருந்து பரீட்சை முடியும்வரை அந்தக் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். இஸ்திரிப் பெட்டி, கத்தரிக்கோல், பழைய போர்வை என்று அம்மாவுக்குத் தினமும் என் அறையிலிருந்து ஏதாவது வேண்டியிருந்தது. வந்து தட்டிவிட்டுப் பேசாமல் நிற்பாள். நானும் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். தனக்கு வேண்டியதை அவள் வாய்விட்டுக் கேட்ட பிறகுதான் எழுந்து போய்த் திறப்பேன்.