அம்மாவின் முறை

எல்லோரும் காத்திருக்கிறார்கள், அம்மா வாயைத் திறக்க வேண்டும், கூடத்தில் வட்டமாக உட்கார்ந்திருக்கும் பெண்கள் அவள் முகத்தையே பார்க்கிறார்கள், மின்விசிறி மட்டும் கடகடவென்று சுற்றுகிறது, நான் அம்மாவுக்குப் பக்கத்தில், முழங்கால் இடிக்கிற நெருக்கத்தில், ஆனாலும் அவளுக்கு நான் யாரோ, சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி வருகிற எவளோ ஒருத்தி. போன வருடமா, அதற்கும் முந்தியா, கண்ணை மூடினால் அந்தச் சாயங்காலத்துக்குள்தான் போய் விழுகிறேன். மனநிலை பிசகித் தெருவில் அலைகிற பெண்களைச் சேர்த்துவைத்துப் பார்த்துக்கொள்கிற இல்லம் அது, நடத்துகிறவர் ஜெயசீலி அக்கா, நர்ஸுக்குப் படித்துவிட்டு ஊழியம் என்று வந்தவர், திருச்செந்தூர் பஸ் நிலையத்தில் கிடந்த அம்மாவைக் கூட்டிவந்து குளிப்பாட்டி, சடையை வெட்டி, டாக்டரிடம் காட்டி, தூக்கத்தில் அவள் உளறிய ஊர்ப்பெயரைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார், அம்மா காணாமல் போனபோது நான் நாலாம் வகுப்பு, கதவைத் திறந்தபோது கல்யாண வயதும் தாண்டப் பார்த்தது.

சாயங்கால ஜெபத்தில் ஒவ்வொருத்தரும் ஒரு பைபிள் வசனம் சொல்ல வேண்டும், அது அந்த இல்லத்து வழக்கம், அம்மாவுக்கு முன்னால் உட்காரும் அன்னக்கொடிக்கு வசனம் வராது, திருச்செந்தூர், காயல்பட்டினம், ஆறுமுகநேரி, ஆத்தூர் என்று பஸ் போகிற ஊர்களை வரிசையாகச் சொல்வாள், எல்லோரும் பக்தியோடு ஆமென் சொல்வார்கள், எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும், அக்கா ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொள்வார். பிறகு அம்மாவின் முறை. அம்மா சொல்லமாட்டாள். அவளைத் தாண்டி அடுத்தவளுக்குப் போய்விடலாம், அக்கா போகமாட்டார், உலையில் சோறு குழைந்தாலும் காத்திருப்பார், கடைசியில் மெதுவாக அம்மாவின் முதுகைத் தடவிவிட்டுத்தான் அடுத்தவளைப் பார்ப்பார். ஒருநாள் கேட்டேன், எங்க அம்மா சர்ச்சுக்கே போனதில்லையே அக்கா, அவளுக்கு எப்படி வசனம் வரும் என்று, வசனம் எதுக்கும்மா, அவங்க குரல் வந்தாப் போதும் என்றார். என்னை வளர்த்த மாமாவுக்கு இதெல்லாம் பிடிக்காது, மதம் மாற்றிவிடுவார்கள் என்று ஒரு பயம், தாயைப் போல பிள்ளை என்று சொல்லி என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் எழுந்துபோன கோபம் வேறு, செவிடன் காதில் சங்கு ஊத வாரா வாரம் ஏன் போய் உட்காருகிறாய் என்பார், எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது, நான் அவள் பிள்ளை என்று அவளுக்குத் தெரிய வேண்டும், ஒரு தடவை தெரிந்தால் போதும்.

அன்றைக்கும் அன்னக்கொடி ஆத்தூரில் இறங்கிவிட்டாள், ஆமென் முடிந்தது, காத்திருக்கிறோம், அக்காவின் கை அம்மாவின் முதுகுக்குப் போகிறது, அப்போது அம்மா சொல்கிறாள், பிள்ளைக்குச் சோறு போட்டாச்சா, அடுப்புல வச்சிட்டு வந்தேனே. யாரும் ஆமென் சொல்லவில்லை. எனக்கு அந்தக் காலை ஞாபகம் வந்துவிட்டது, பள்ளிக்கூடப் பையோடு தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், உலை கொதிக்கிறது, வாசல் திறந்து கிடக்கிறது, அம்மா இல்லை, சோறு தீய்ந்து வீடெல்லாம் புகை. இத்தனை வருடமும் அவளுக்குள் அந்த உலை இறக்கப்படாமலே கொதித்துக்கொண்டிருந்திருக்கிறது, நான் அழுதேன், வெட்கமில்லாமல் எல்லோர் முன்னாலும் அழுதேன். இன்னும் போடலம்மா, பிள்ள இந்தா இருக்கா, என்று அக்கா என் தோளைத் தொடுகிறார். அம்மா என்னைப் பார்க்கிறாள், இடுப்புயரப் பிள்ளையைத் தேடிப் பழகிய கண் என் முகத்தில் மெல்ல மெல்ல ஏறுகிறது, எம்மாடி, இப்படி மெலிஞ்சு போயிட்டியே என்கிறாள், மாமா என்னை அரிசி மூட்டை என்றுதான் கூப்பிடுவார்.

எழுந்து சமையலறைக்குப் போகிறாள், யாரும் தடுக்கவில்லை, தட்டில் சோறும் ரசமுமாக வருகிறாள், என் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து பிசைகிறாள், ஜெபம் பாதியில் நிற்கிறது, உருண்டை பிடித்த கை என் உதடு வரைக்கும் வந்துவிட்டது, ரசம் முழங்கையில் வழிகிறது, எல்லோரும் காத்திருக்கிறார்கள், நான் வாயைத் திறக்க வேண்டும்.