எழுபத்தொரு நிமிடம் முப்பத்தைந்து விநாடி

இப்போதெல்லாம் ஒரு இயந்திரம் நின்றுபோனால் யாரும் இயந்திரத்தைப் பார்ப்பதில்லை. பக்கத்தில் ஒரு திரையை வைத்துக்கொண்டு அதைப் பார்க்கிறார்கள். ஆஸ்பத்திரியிலும் இதே கதைதான். டாக்டர் கணினியிடம் நலம் விசாரித்துவிட்டு ஆளை அனுப்பிவிடுகிறார். தொட்டுப் பார்ப்பதும் காது வைத்துக் கேட்பதும் கேவலமாகிவிட்டது. தப்பு எங்கே என்று தெரியாவிட்டால் இருக்கவே இருக்கிறான் வயசானவன், அவன் தலையில் போட்டுவிடலாம்.

ஹுவோவின் தலையில் அப்படித்தான் போட்டிருந்தார்கள்.

ஷென்காங் ஊரில் அவருடைய தம்பி மகன் தெங்குய் நடத்தும் தொழிற்சாலை, உலோகத்தைச் செதுக்கும் பெரிய இயந்திரங்களைச் செய்தது. உலோகத்தை ஏற்றி நகர்த்தும் மேசை, திருகுத்தண்டு, பேரிங் எல்லாம் பொருத்துவது எழுபத்திரண்டு வயது ஹுவோ. அந்த இயந்திரத்தை ஓட்டும் கணினி மூளையைச் செய்தது மாடியில் ஏசி அறையில் உட்காரும் மூன்று பேர். அவர்களுக்குத் தலைவன் போசெங். மற்ற தொழிற்சாலைக்காரர்களெல்லாம் மூளையை வெளிநாட்டில் வாங்கிப் பொருத்தும்போது, சொந்தமாகச் செய்கிறோம் என்று ஆறு வருஷமாகச் செய்துகொண்டிருந்தார்கள்.

வாங்க வந்த ஜப்பான்காரர்கள் ஒரே ஒரு சோதனைதான் கேட்டார்கள். எட்டு மணி நேரம் விடாமல் ஓட வேண்டும், செதுக்கிய பரப்பில் முகம் தெரிய வேண்டும். இரண்டு முறை ஓட்டியாயிற்று. இரண்டு முறையும் எங்கோ நடுவில், கண் இமைக்கும் நேரம் கருவி தயங்கி, பளபளப்பில் தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு. நாளை மறுநாள் மூன்றாவது சோதனை. அதுதான் கடைசி.

போசெங் கையை விரித்துவிட்டான். "எங்க பக்கம் சுத்தமா இருக்கு முதலாளி. மேசையில எங்கயோ இறுக்கம். ஹுவோ பெரியப்பா கை முன்ன மாதிரி இல்ல."

தெங்குய் ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டுச் சொன்னான். "வெளியில இருந்து ஒருத்தங்களக் கூப்பிட்டிருக்கேன். இன்னிக்கு நாலு மணிக்குள்ள அவங்களாலயும் கண்டுபிடிக்க முடியலன்னா மேசையைக் கழட்டிப் பாத்துரலாம், பெரியப்பா."

ஹுவோ வாயில் இருந்த பாக்கைக் கன்னத்துக்கு ஒதுக்கினார். நாற்பத்தாறு வருஷத்தில் அவர் பொருத்திய மேசையை யாரும் சந்தேகப்பட்டுக் கழற்றியதில்லை. எல்லார் முன்னாலும் கழற்றினால், உள்ளே ஒன்றும் இல்லாவிட்டாலும், அதன் பிறகு அவர் அங்கே நின்று என்ன செய்வது?

அவருக்குக் காரணம் தெரியும். பக்கத்துக் கொட்டகையில் குவோ வைத்திருக்கும் பிரஸ். குடைக்கம்பிக்குத் தகடு வெட்டும் அந்தச் சனியன் ஒரு அடி அடித்தால் தெருவிலேயே விளக்கு மங்கும். யாரும் காது கொடுக்கவில்லை.

ஒன்பதரை மணிக்கு வாடகைக் காரிலிருந்து ஒரு பொம்பளை இறங்கினாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். முதுகுப் பை, கையில் பாதி குடித்த குளிர்ந்த தேநீர். பெயர் யென்லிங்.

மாடிக்கு வழி காட்டிய போசெங்கை அவள் பின்தொடரவில்லை. நேரே இயந்திரத்திடம் வந்தாள். அது ஒன்றுதான் ஹுவோவுக்குப் பிடித்தது.

"எந்தக் கம்பெனிம்மா நீ?"

"கம்பெனி இல்ல பெரியப்பா. நான் ஒருத்திதான்."

"அப்போ தப்புப் பண்ணா உன்னை யாரு திட்டுவா?"

"உலகம் பூராத் திட்டும். மெயில்ல."

"அப்படி என்ன வேலை அது?"

"கம்ப்யூட்டருக்குள்ள எல்லாருக்கும் அடியில ஒருத்தன் உக்காந்திருக்கான். யாரு இப்போ மோட்டாரைத் தொடணும், யாரு காத்திருக்கணும்னு அவன்தான் சொல்லுவான். கெர்னல்னு பேரு. அவன் ஒழுங்கா இருக்கானான்னு பாக்கறது என் வேலை."

"அவன் ஒழுங்கா இருந்தா உனக்கு என்ன வேலை?"

"இருக்க மாட்டானே. இருபத்திரண்டு வருஷமா அதுலதான் சோறு." தேநீரை உறிஞ்சிவிட்டுக் கேட்டாள். "கோடு விழுந்ததை முதல்ல பாத்தது யாரு?"

"நான்தான்."

"எப்போன்னு ஞாபகம் இருக்கா?"

ஹுவோ கருவிப் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு அட்டையை எடுத்தார். பாக்கு வந்த பெட்டியைக் கிழித்த அட்டை. கணினிக் கடிகாரத்தை அவர் நம்புவதில்லை. தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து பென்சிலால் எழுதியிருந்தார். திங்கள்: போட்டது 7:40. கோடு 10:03, அப்புறம் 2:49. செவ்வாய்: போட்டது 8:05. கோடு 9:16, அப்புறம் 3:14.

"கம்ப்யூட்டர்ல எல்லாம் பதிவாகியிருக்கு, அதுல ஒண்ணும் இல்ல," என்றான் போசெங். "இவர் அட்டையை வச்சு என்ன பண்ணப் போறீங்க?"

யென்லிங் அட்டையை வாங்கிக்கொண்டாள். பென்சிலை வாங்கி அட்டையின் ஓரத்தில் கழித்தாள், வகுத்தாள். மறுபடி வகுத்தாள். தேநீரைத் தரையில் வைத்தாள். அவள் கழுத்து சிவந்து வருவதை ஹுவோ பார்த்தார்.

"பெரியப்பா, இதை யார்கிட்டயும் காட்டலையா?"

"கேட்டாத்தானே காட்ட?"

"திங்கக்கிழமை ரெண்டு கோட்டுக்கும் நடுவுல நாலு பங்கு. செவ்வாய்க்கிழமை அஞ்சு பங்கு. ஒவ்வொரு பங்கும் எழுபத்தொரு நிமிஷம், முப்பத்தஞ்சு செகண்டு." அவள் குரல் மேலே ஏறிவிட்டது. "இந்த நம்பரை எனக்கு நல்லாத் தெரியும். பழைய எதிரி."

கொட்டகையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். தெங்குய்யும் இறங்கி வந்தான்.

"உங்க பைக்ல கிலோமீட்டர் காட்டற மீட்டர் இருக்குல்ல பெரியப்பா? தொண்ணூத்தொம்பதாயிரத்துச் சொச்சம் தாண்டினா என்ன ஆகும்?"

"சைபர் ஆகும். ரெண்டு தடவை சுத்தியாச்சு."

"இந்த மெஷின் மூளைக்குள்ளயும் ஒரு மீட்டர். ஒரு செகண்டைப் பத்து லட்சமா உடைச்சு எண்ணிக்கிட்டே போகும். நானூத்தி இருபத்தொம்பது கோடிச் சொச்சம் வந்ததும் நிரம்பி சைபர். அதுக்கு ஆகற நேரம்தான் எழுபத்தொண்ணு முப்பத்தஞ்சு. அந்த நேரத்துல கருவி காத்துல இருந்தா யாருக்கும் தெரியாது. உலோகத்து மேல இருந்தா கோடு."

ஹுவோ சற்று யோசித்தார். "சைபர் ஆனப்போ என் பைக் நடு ரோட்ல நிக்கலையே."

சிரிப்பு எழுந்தது. அவளும் சிரித்தாள். "உங்க பைக் மீட்டரைப் பாத்துப் பயப்படல. இது பயப்படுது. சரி, காட்டிடறேன். எங்க ஆளுங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. இந்த மாதிரி மீட்டரை சைபர்ல ஆரம்பிக்க விட மாட்டோம். நிரம்பறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி வச்சு ஆரம்பிப்போம். தப்பு இருந்தா மாசக்கணக்குல ஒளிஞ்சிருக்காம வாசல்லயே மாட்டிக்கும். இங்க அதைச் செய்யல. இப்போ அப்படி வைக்கறேன், அஞ்சே நிமிஷம்."

"அதெல்லாம் வேண்டாம்," என்றார் ஹுவோ. "நீயே உள்ள கையை விட்டு நீயே நிறுத்திக் காட்டறதுக்குப் பேரு வித்தை. எதையும் தொடாத. அப்படியே ஓட்டு. நீ சொன்ன நேரத்துக்கு நிக்கட்டும் பாப்போம்."

போசெங் பல்லைக் கடித்தான். "நமக்கு நேரம் இல்ல பெரியப்பா."

"இல்ல, அவர் சொல்றது சரி," என்றாள் யென்லிங். "தொடாம ஓட்டுவோம்."

ஹுவோவின் கைக்கடிகாரத்தில் சரியாகப் பத்து பத்துக்குச் சுவிட்சைப் போட்டார்கள். பதினொன்று இருபத்தொன்று முப்பத்தைந்துக்கு நிற்கும் என்று அவள் அட்டையில் பெரிதாக எழுதி, எல்லாரும் பார்க்கும்படி இயந்திரத்தின் கதவில் ஒட்டினாள்.

காத்திருந்த நேரத்தில் ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்து, மடிக்கணினியில் போசெங் எழுதியதைப் படித்துக்கொண்டே அவள் பேசினாள். சின்ச்சு நகரத்தில் பெரிய சிப் கம்பெனியில் பதினோரு வருஷம் இருந்தாளாம்.

"ஏன் விட்ட?"

"மேனேஜர் ஆக்கினாங்க. ரூமைக் கொடுத்து வேலையைப் பிடுங்கிட்டாங்க. காலையில மீட்டிங், சாயங்காலம் அந்த மீட்டிங்கைப் பத்தி மீட்டிங். இப்போ பையை மாட்டினா கிளம்பிட வேண்டியதுதான். போன மாசம் ஒரு மீன்பிடிக் கப்பல். அதுக்கு முன்னாடி பல் டாக்டர் நாற்காலி."

"பல் டாக்டர் நாற்காலிக்குள்ளயும் அவன் இருக்கானா?"

"இருக்கான். நோயாளியைப் பாதியில மடக்கிட்டான்."

திரையில் ஒரு மெயிலைக் காட்டினாள். முகம் தெரியாத எவனோ ஒரு வெளிநாட்டுக்காரன், உலகத்தில் பல பேர் சேர்ந்து எழுதும் பொதுக் கெர்னலுக்கு அவள் அனுப்பிய திருத்தத்தைக் குப்பை என்று எழுதியிருந்தான். அதற்கடுத்த மாதத் தேதியில் அதே ஆள், சேர்த்துக்கொண்டேன், நன்றி என்று இரண்டு வரி. "இப்படி நாப்பத்தோரு திருத்தம் உள்ள போயிருக்கு. உலகத்துல எங்க மெஷின் ஓடினாலும் அதுல எங்கயாவது ஒரு ஓரத்துல என் பேரு இருக்கும்."

"யாரு பாப்பாங்க?"

"யாரும் பாக்க மாட்டாங்க," என்று சந்தோஷமாகவே சொன்னாள். சட்டென்று திரைக்குக் கிட்டே குனிந்து, தொடையில் ஒரு தட்டு தட்டினாள். "போசெங், இங்க வாங்க. இந்த வரி."

போசெங் படித்தான். அவன் காது மடல் சிவந்தது.

"மோட்டாருக்கு அடுத்த ஆணை போக வேண்டிய கெடு தாண்டிருச்சான்னு பாக்க, ரெண்டு நேரத்துல எது பெருசுன்னு நேராக் கேட்டுட்டீங்க. மீட்டர் சுத்தின உடனே பெருசு சின்னதாயிரும். கெடு தவறிப்போச்சுன்னு பயந்து மோட்டாரை விட்டுடும். கெர்னல்ல நேரத்தை அப்படிக் கேக்கவே கூடாது, கழிச்சுத்தான் பாக்கணும்."

"தெரியும்," என்று முணுமுணுத்தான். "நாலு வருஷம் முன்னாடி அவசரத்துல... எங்க சோதனை எல்லாம் நாப்பது நிமிஷம்தான் ஓடும்."

ஹுவோவுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. மணி பதினொன்று பதினைந்து. எழுந்து பின்கதவு வழியாகக் குவோவின் கொட்டகைக்குப் போனார்.

"டேய், பிரஸ்ஸை நிறுத்து. பத்து நிமிஷம்."

"என்னண்ணே, உன் மெஷின் தும்மினாலும் என் பிரஸ்தான் காரணமா?"

"நிறுத்திட்டு ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு உக்காரு. எனக்குத் தெரியற மாதிரி."

"போலீஸ் மாதிரி பேசறியே. பாக்கு இருக்கா?"

ஒரு பாக்கைக் கொடுத்து ஆளை ஸ்டூலில் உட்கார வைத்தார். பிறகு இரண்டு கொட்டகைக்கும் நடுவில் இருந்த வாசலில், ஒரு கண் குவோ மேலும் ஒரு காது இயந்திரத்தின் மேலுமாக நின்றுகொண்டார். பிரஸ் இல்லாத தெரு, விடுமுறை நாள் மாதிரி அமைதியாக இருந்தது. உள்ளே இருபது பேர் கதவு அட்டையைச் சுற்றி மூச்சு விடாமல் நின்றார்கள். சமையல்கார அம்மா கூட கரண்டியோடு வந்துவிட்டாள்.

பதினொன்று இருபத்தொன்று இருபது. இருபத்தைந்து. யென்லிங் விரல் விட்டு எண்ணினாள். கருவி ஒரே சீராக, தேன்கூடு மாதிரி இரைந்துகொண்டிருந்தது. முப்பது. முப்பத்து மூன்று. முப்பத்து நான்கு.

விக்கல் வந்தவன் பேச்சு மாதிரி சத்தம் அறுந்து, மறுபடி தொடர்ந்தது.

கொட்டகை கத்தியது. யாரோ யாரையோ கட்டிப்பிடித்தார்கள். தெங்குய் ஓடிப்போய்க் கண்ணாடி வழியாகப் பார்த்தான். கோடு, தலைமுடி கனத்துக்கு, புத்தம் புதிதாக. குவோ இரண்டு கையையும் இன்னும் உயரத் தூக்கினான். "நான் தொடலைண்ணே, சத்தியமா."

ஹுவோ கடிகாரத்தைப் பார்த்தார். காதில் வைத்துக் கேட்டார். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அப்புறம் எல்லாம் பறந்தது. போசெங்கே உட்கார்ந்து அந்த வரியைத் திருத்தினான். யென்லிங் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள், கீபோர்டைத் தொடவில்லை. மதியச் சாப்பாட்டுப் பெட்டியில் பன்றி வறுவல் ஆறிப் போயிற்று. ஐந்து நிமிஷ வழக்கத்தையும் சேர்த்து வைத்து மூன்று முறை ஓட்டினார்கள். மூன்று முறையும் மீட்டர் நிரம்பியது, சைபரானது, கருவி கண் சிமிட்டவில்லை. பிறகு அந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டு, ஹுவோ கேட்ட மாதிரி, பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்குச் சாதாரணமாகப் போட்டார்கள். இரண்டு ஆறு முப்பத்தைந்தில் குவோவின் பிரஸ் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது, ஒன்றும் ஆகவில்லை. மூன்று பதினெட்டு பத்திலும் ஆகவில்லை.

நான்கு மணிக்குக் கதவைத் திறந்தார்கள். உலோகப் பரப்பில் தெங்குய்யின் முகம், பின்னால் எட்டிப் பார்த்த பதினைந்து முகங்களோடு, தெளிவாகத் தெரிந்தது. யென்லிங் அதில் தன் முகத்தைப் பார்த்துத் தலையைக் கோதிக்கொண்டாள். "இந்த மாதிரி ஒண்ணு மாட்டினா ஒரு மாசத்துக்குத் தூக்கம் நல்லா வரும்," என்றாள். அதற்குள் அவள் போன் அடித்தது. கௌசியுங் ஊரில் எந்தக் கிடங்கிலோ லிஃப்ட் நடு மாடியில் நிற்கிறதாம். பையை மாட்டிக்கொண்டே பேசினாள், கண் மின்னியது.

"மேசையைக் கழட்ட வேண்டாம், பெரியப்பா," என்றான் தெங்குய். "உங்க கை மேல தப்பு இல்லன்னு ஆயிருச்சு."

போசெங் எல்லார் முன்னாலும் இடுப்பு வளையக் குனிந்தான். "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது பெரியப்பா. மன்னிச்சுக்கங்க."

ஹுவோ எல்லாரையும் ஒரு முறை பார்த்தார்.

"எப்படி ஆச்சு?" என்றார். "மேசையைக் கழட்டி, அளவு முள்ளு வச்சு அளந்து, முள்ளு அசையலன்னா என் கை சரி. நீங்க எதைக் கழட்டினீங்க? எவனோ உள்ள உக்காந்து எண்ணிக்கிட்டு இருந்தானாம், இப்போ ஒழுங்கா எண்ணறானாம். அவனை நான் பாத்தேனா? நீ பாத்தியா?"

"நேரம் சரியா வந்துச்சே பெரியப்பா," என்றாள் யென்லிங், வண்டிக்குக் கை காட்டிக்கொண்டே. "உங்க அட்டையிலயே இருக்கே."

"அட்டையில இருக்கறது நான் பாத்தது. மத்ததெல்லாம் நீ சொன்னது."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "நீங்க கெர்னல் வேலைக்கு வந்திருக்கணும். அந்த மெயில் ஆளை விட மோசம்."

அது பாராட்டா கேலியா என்று கேட்க ஹுவோ நிற்கவில்லை. கையுறையைக் கழற்றிப் பெட்டி மேல் போட்டுவிட்டு, பின்னால் அவர்கள் தனக்காகக் கைதட்டுவது கேட்க, வாசலைப் பார்த்து நடந்தார்.