டெல்மர் க்ரூஸின் கடைசி வார்த்தை

சினிமாக்காரர்கள் எங்கள் ஊர் பேஸ்பால் மைதானத்தைச் சரிசெய்ய மூன்று வாரம் எடுத்துக்கொண்டார்கள். நாங்கள் ஆடிய காலத்தில் அங்கே இவ்வளவு நல்ல புல் இருந்ததே இல்லை. 1988ஆம் வருஷக் கோடையில் மிசூரியில் மழை பொய்த்துவிட்டது. சோளம் முழங்கால் உயரத்திலேயே கருகி நின்றது. மைதானத்தில் கிடந்ததைப் புல் என்று சொன்னால் மாடு சிரிக்கும். இதை டைரக்டர் பெய்ஜிடம் சொன்னேன்.

"தெரியும் ஆர்லன். ஆனா பச்சையா இருந்தாத்தான் திரையில எடுபடும்" என்றாள்.

சரி, அவள் படம், அவள் புல். என்னை ஆலோசகர் என்று வைத்திருந்தார்கள். முகக்கவசத்தை எப்படிக் கழற்றுவது, புகையிலையை எந்தப் பக்கம் துப்புவது என்று நடிகர்களுக்குச் சொல்லித் தர வேண்டும். என்னைவிட்டால் ஆள் கிடையாது என்று ஊரே கை காட்டியது. டெல்மர் க்ரூஸ் செத்துப்போன ஆட்டத்தில் அவன் வீசிய பந்தையெல்லாம் பிடித்த கேட்சர் நான்தான்.

டெல்மர் தீவன ஆலையில் மூட்டை தூக்கினான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலை அணிக்குப் பந்து வீசினான். அன்று நூற்று நான்கு டிகிரி வெயில். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் எட்டு முடியும்வரை எதிரணியில் ஒருவனால்கூட அவன் பந்தை ஒழுங்காக ஓர் அடி அடிக்க முடியவில்லை. பேஸ்பாலில் பந்து வீசும் ஒரு பிட்ச்சருக்கு இதைவிடப் பெரிய பேறு இல்லை. ஆயுள் முழுக்க வீசிவிட்டு அதைக் காணாமலே போகிறவர்கள்தான் ஏராளம். ஒன்பதாவது இன்னிங்ஸில் இன்னும் இரண்டு பேரை வெளியேற்றினால் போதும் என்ற நேரத்தில் டெல்மர் முட்டி மடங்கி விழுந்தான். வெயில் தாக்கிவிட்டது, ஒரு மணி நேரம் முன்னால் நிழலில் படுக்கவைத்துத் தண்ணீர் ஊற்றியிருந்தால் பிழைத்திருப்பான் என்றார் டாக்டர். அவனுக்கு இருபத்தாறு வயது.

அவன் மனைவி வெர்னா அன்று மைதானத்துக்கு வரவில்லை. ஆறு மாத கர்ப்பம். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, "ஏதாவது சொன்னாரா? எதையாவது சொல்லியிருப்பாரே!" என்று கேட்டாள். நான் அவனைவிட இரண்டு வயது சின்னவன், மடையன். வாயில் வந்ததைச் சொன்னேன். "ஏழாவது இன்னிங்ஸ்ல என் பக்கத்துல உக்காந்து பேசிட்டு இருந்தான் வெர்னா. ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துடுவேன்னு அவகிட்ட சொல்லுன்னான்."

அவள் அழுதாள். ஆனால் விழாமல் நின்று அழுதாள். நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன்.

'ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன்.' அதைத்தான் டெல்மரின் கல்லறையில் வெட்டி வைத்தாள். பிறந்த மகளுக்கு அதைச் சொல்லியே சோறூட்டினாள். உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது. பிறகு ஒரு கிடார்க்காரன் அதை வைத்துப் பாட்டுக் கட்டி ரேடியோவில் பாடினான். யாரோ ஒருவர் மைதானத்துச் சுவரில் டெல்மரை வரைந்து, கீழே அந்த வரியையும் எழுதினார். முப்பத்தோரு வருஷம் கழித்து இப்போது சினிமா.

அது பொய் என்று ஊரில் பேஸ்பால் தெரிந்த ஒவ்வொருவனுக்கும் தெரியும். ஒரு பிட்ச்சர் ஓர் அடிகூடக் கொடுக்காமல் வீசிக்கொண்டிருக்கும்போது அவனிடம் யாரும் பேசக் கூடாது. அவன் பக்கத்தில் உட்காரக் கூடாது. என்ன நடக்கிறது என்று வாயைத் திறக்கவே கூடாது. திறந்தால் ராசி கெட்டுவிடும், அடுத்த பந்திலேயே அடி விழும். எழுதி வைத்த சட்டமில்லை. ஆனால் எட்டு வயதில் மட்டையைத் தூக்கும் நாளிலிருந்தே எங்களுக்கெல்லாம் தெரியும். அதனால் ஏழாவது இன்னிங்ஸில் நான் டெல்மரிடம் சாப்பாட்டைப் பற்றிப் பேசினேன் என்றால் ஒருவனும் நம்ப மாட்டான். நம்பவும் இல்லை. வெர்னாவுக்காக எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

வெர்னா மட்டும் நம்பினாள். அவள் வடக்கே ஒரு பக்தியான பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவள். விளையாட்டெல்லாம் சாத்தானின் வேலை என்று சொல்லும் வீடு. டெல்மரைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்து அப்போது இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அவன் போனபிறகு எந்த ஆட்டத்தின் பக்கமும் தலைவைத்துப் படுக்கவில்லை.

ஏழாவது இன்னிங்ஸ் காட்சியைப் படமெடுக்கும் நாளில் அவளை அழைத்திருந்தார்கள். மைதானத்தின் மறுபுறம் கூடாரம் போட்டு, அவளுக்கு ஒரு மடக்கு நாற்காலி, முன்னால் ஒரு சின்னத் திரை. காதில் ஹெட்ஃபோன் மாட்டிவிட்டிருந்தார்கள். நடிகர்கள் பேசுவது அவளுக்கு அப்படியே கேட்கும். தலைக்குச் சாயம் அடித்துக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவள்போல வந்திருந்தாள்.

தங்கள் அணி மட்டை பிடிக்கும் நேரத்தில் ஆட்டக்காரர்கள் உட்காரும் டக்அவுட்டில் நான் டெல்மராக நடிக்கும் ட்ரேயின் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தேன். ட்ரே கல்லூரி அணியில் ஆடியவன், வாய்த்துடுக்கு ஜாஸ்தி.

"சார், ஒண்ணு கேக்கட்டா? கோவிச்சுக்கக் கூடாது."

"கேளு."

"ஏழாவது இன்னிங்ஸ். இன்னும் ஒரு அடிகூட விழல. நிஜமாவே நீங்க போயி அவரு பக்கத்துல உக்காந்து சாப்பாட்டப் பத்திப் பேசினீங்களா?"

மற்ற பையன்கள் சிரித்தார்கள்.

"எங்க டீம்ல எவனாவது அப்படிப் பேசியிருந்தா பல்லத் தட்டிக் கையில கொடுத்திருப்போம்" என்றான் ட்ரே. "விவரம் தெரிஞ்சவன் இத தியேட்டர்ல பாத்தா பாப்கார்னத் தூக்கி அடிப்பான் சார். கிட்டயே போக மாட்டாங்களே!"

நாங்கள் அந்த மாதிரி அணி இல்லையப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பொய் சொல்லிப் பழகிய வாய்தானே. ஆனால் அதற்குள் அவன் காலரில் குத்தியிருந்த மைக் என் கண்ணில் பட்டுவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். வெர்னா ஹெட்ஃபோனைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, அந்தப் பச்சைப் புல்லின் குறுக்கே நடந்து வந்துகொண்டிருந்தாள்.

"இந்தப் பையன் என்ன சொல்றான் ஆர்லன்?"

"அது ஒண்ணுமில்ல வெர்னா, சும்மா கிண்டல்."

"கிட்டயே போக மாட்டாங்களாமே? நீ போனியா, இல்லியா?"

ட்ரே என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். சிரிப்பு நின்றுவிட்டது. முப்பத்தோரு வருஷம் சுமந்ததை இறக்கி வைக்கும்போது பாரம் குறையும் என்பார்கள். பச்சைப் பொய் அது.

"போகல" என்றேன்.

"யாருமே போகலியா?"

"யாருமே போகல."

அவள் டக்அவுட்டின் பலகையில் மெதுவாக உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் விழாதவள் இப்போது விழுந்துவிடுவாளோ என்று பயந்தேன். அவள் விழவில்லை, கேள்வி கேட்டாள்.

"அவரு மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"காஞ்சு போயிருந்துச்சு. ஆறாவது இன்னிங்ஸ்லருந்தே வேர்வை இல்ல."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு?"

"ராசி கெட்டுடும்னு சும்மா இருந்தேன்."

"தண்ணி குடிச்சாரா?"

இதை மட்டும் அவள் கேட்காமல் இருந்திருக்கலாம். "வாளி எங்க பக்கம் இருந்துச்சு வெர்னா. அவன் அந்தக் கோடியில ஒத்தையா உக்காந்திருந்தான். எட்டடி இருக்கும். எடுத்துட்டுப் போனா கிட்டப் போன மாதிரி ஆயிடும்னு யாரும் எடுக்கல."

"கூப்பிட்டாரா?"

"கையத் தூக்கினான். என்னப் பாத்துத்தான் தூக்கினான். நான் குனிஞ்சு கால் கவசத்து வார இறுக்குற மாதிரி இருந்துட்டேன்."

எதற்குத் தூக்கினான் என்று எனக்குத் தெரியாது. தண்ணீர் கேட்டானோ, கண் இருட்டுகிறது என்று சொல்ல வந்தானோ. அவன் பந்து வீசும் மேட்டில் விழுந்தபோதுகூட நான் உடனே ஓடவில்லை. என் பின்னால் நின்ற அறுபது வயது அம்பயர் என்னைத் தாண்டிக்கொண்டு ஓடினார்.

"கல்லுல வெட்டி வச்சிருக்கேன்டா" என்றாள் வெர்னா. அதுவரை என்னை அவள் டா போட்டதில்லை. "வாரா வாரம் போயி அதத் துணியால தொடச்சிட்டு வர்றேன். இத்தன வருஷமா உன் வார்த்தயத் தொடச்சிட்டு இருந்திருக்கேன். இந்த ஊர்ல ஒருத்தருக்காவது என்கிட்ட சொல்லணும்னு தோணலியா? கடையில? சர்ச்சுல? எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

பெய்ஜ் எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. பாவப்பட்டாள்தான். ஆனால் கண்ணில் இன்னொரு வெளிச்சமும் இருந்தது, அதை நான் பார்த்தேன்.

"மிசஸ் க்ரூஸ், நீங்க வேணாம்னா இன்னிக்கே நிறுத்திடறேன்" என்றாள். "ஆனா இதுதான் காட்சி. வசனமே வேணாம். யாரும் பேசல, அவ்வளவுதான்."

"வேணாம்மா, எழுதினபடியே எடுத்துடு" என்று நான் கெஞ்சினேன். "வெர்னா, நீ வீட்டுக்குப் போ. நான் கொண்டுபோய் விடறேன்."

"எடு" என்றாள் வெர்னா பெய்ஜிடம். "அவரு எப்படி உக்காந்திருந்தாருன்னு நான் பாக்கணும். இவன் சொல்லிக் கொடுக்கட்டும். அதுக்குத்தான வச்சிருக்கீங்க?"

சொல்லிக்கொடுத்தேன். வேறென்ன செய்வது? ட்ரேயைக் கோடியில் உட்காரவைத்தேன். மற்ற எட்டுப் பேரையும் இந்தப் பக்கம் நெருக்கி அடைத்தேன். இன்னும் தள்ளு, இன்னும் தள்ளு என்று நானே எட்டடியை உண்டாக்கினேன். தண்ணீர் வாளியை எங்கள் பக்கம் வைத்தேன். நானாக நடிக்கிற பையனுக்கு எப்போது குனிய வேண்டும் என்று காட்டினேன். நன்றாகவே கற்றுக்கொண்டான். வெர்னா நாற்காலிக்குத் திரும்பவில்லை, கேமராவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

கேமரா ஓடியது. ட்ரே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மெல்லக் கையைத் தூக்கினான். பையன் குனிந்து வாரை இறுக்கினான். இரண்டு மூன்று நொடியில் ட்ரே கையை இறக்கிவிட்டான்.

"கட்" என்றாள் பெய்ஜ். ட்ரே அழுதுகொண்டிருந்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

வெர்னாவும் பார்த்தாள். "இவ்வளவு நேரந்தானா?" என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை. ஆமாம் என்று நான் சொல்ல வேண்டும் என்று கேட்பதுபோல இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்ட அதே வெர்னா. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் அவள் வீட்டுக்குப் போய் எப்படியோ படுத்துத் தூங்கிவிடுவாள்.

"இல்ல" என்றேன். "கை நடுங்க ஆரம்பிச்சுது. அப்பவும் அவன் எறக்கல."