440C என்று குத்தின கத்தி

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக, தம்பியோடு சேர்ந்து நடத்தும் கத்திப் பட்டறைக்குத்தான் வந்தாள். படகில் வலைக்கயிறு காலைச் சுற்றி அவள் புருஷனுக்கு மூன்று கால்விரல் போய்விட்டது. பையிலிருந்த மடக்குக் கத்தியால் அறு அறு என்று அறுத்திருக்கிறார், கயிறு அசைந்து கொடுக்கவில்லை. யாரோ ஓடிப்போய் வலை இழுக்கும் மோட்டாரை நிறுத்தியதால் உயிர் மிஞ்சியது. அந்தக் கத்திக்குக் கூர் போட்டவள் அவள்தான். வழியெல்லாம் தன் கையைத்தான் திட்டிக்கொண்டு வந்தாள்.

வந்ததும் கத்தியைச் சாணைக்கல்லில் தேய்த்தாள். நல்ல எஃகு என்றால் கூரில் எழும் பிசிறு இரண்டு இழுப்பில் உதிர்ந்துவிடும். இது இந்தப் பக்கம் தேய்த்தால் அந்தப் பக்கம் சாய்ந்தது, உதிரவே இல்லை. தினமும் மெஷினில் கொடுத்துப் பளபளவென்று இறக்கிக்கொண்டிருந்ததில் இது கண்ணில் படவே இல்லை.

"டேய், என்ன ஸ்டீலுடா இது?"

பெட்டி கட்டிக்கொண்டிருந்த தம்பி நிமிரவில்லை. "அதான் அலகுல நம்பர் குத்தியிருக்கே, 440C. ஒசந்த ஸ்டீலு."

"பல்லைத் தட்டிக் கையில குடுத்துருவேன்! கைப்பிடிக்கு உள்ள வைக்கிற 410 தகடுடா இது. அதுல போய் அலகு வெட்டியிருக்க!"

"மெதுவா பேசுக்கா. 440C கிடைக்கல. இதுவும் ஸ்டெயின்லெஸ்தானே, சட்டுனு துருப்பிடிக்காது."

"துருப்பிடிக்காம ஷோகேஸ்ல வைக்கவா வாங்குறாங்க? அதுல கார்பன் பேருக்குத்தான் இருக்கு, கூர் நிக்காதுன்னு உனக்குத் தெரியாது? உன் மாமா காலையில நாலு கயிறு அறுத்தாரு, அதோட மழுங்கிப்போச்சு!"

"அந்த நம்பரைக் குத்தினது உன் கைதான்க்கா. வெளிய தெரிஞ்சா நீயும்தான் மாட்டுவ."

மாமாவின் கால் எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, பாவி. அவள் தங்களிடம் கத்திகளை மொத்தமாக வாங்கிய படகு முதலாளிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"முதலாளி, நாங்க குடுத்த கத்தியில மட்ட ஸ்டீலு கலந்திருக்கு, 440C இல்ல. நம்பர் குத்தினது நான்தான், அதான் நானே சொல்றேன். எல்லாத்தையும் திரும்ப வாங்கிருங்க."

"ஐயோ, ரெண்டு படகு கிளம்பிப் போயிருச்சேம்மா!"

"வயர்லெஸ்ல கூப்பிடுங்க. வலைகிட்ட ஒரு கோடாலி எடுத்து வைக்கச் சொல்லுங்க. கத்திய நம்ப வேணாம்னு சொல்லுங்க."

"இதுல நல்லது எது, மட்டம் எதுன்னு எப்படிப் பிரிக்கிறது?"

அவள் போனைத் தம்பியின் வாயருகே நீட்டினாள். "உன் வாயால சொல்லுடா."



"பிரிக்க வேணாம் முதலாளி," என்றான். "எல்லாமே மட்டம்தான்."