நடு இருக்கை

கண்காட்சி நண்பர்கள் அவருக்கு வைத்த பெயர் பாயிண்டார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் உண்டு. அது விமான டிக்கெட்டில் மட்டும்தான் புழக்கத்தில் இருந்தது. புதிதாக வரும் போன், மடிக்கணினி, காதுக்கருவி எதுவானாலும் வாங்கிப் பிரித்து மேய்ந்து, நல்லது கெட்டது சொல்லி வீடியோ போடுவது அவர் வேலை. அதை வேலை என்று சொல்பவர் அவர் ஒருவர்தான். எந்த ஊரில் தொழில்நுட்பக் கண்காட்சி நடந்தாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். கண்காட்சிக்காகப் பறக்கிறாரா, பறந்தால் விமானக் கம்பெனி கணக்கில் சேர்கிற பாயிண்டுகளுக்காகக் கண்காட்சிக்குப் போகிறாரா என்பது ஒரு கட்டத்தில் அவருக்கே குழம்பிப் போயிற்று. நேராகப் போகிற விமானம் இருக்கும்போது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற மாதிரி இரண்டு ஊர் மாறிப் போவார். கேட்டால், இல்லாவிட்டால் பாயிண்டு குறைந்து, அந்தக் கம்பெனி தந்த தங்க அட்டை கையை விட்டுப் போய்விடும் என்பார். தங்க அட்டையில் குந்துமணித் தங்கம் கிடையாது. வரிசையில் முன்னால் நிற்கலாம், விமான நிலையத்தில் லவுஞ்ச் என்கிற சொகுசு அறையில் போய் உட்காரலாம், அவ்வளவுதான்.

அவர் மனைவி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். மகன் வெளியூருக்குப் படிக்கப் போன பிறகு வீட்டில் பெரும்பாலான நாட்கள் அவள் மட்டும்தான். ஒரு சாயங்காலம் பாயிண்டார் பெட்டியைத் தொங்குதராசில் மாட்டி எடை பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் வந்து நின்றாள்.

“எங்க கடை வேற ஊர்ல ஒரு கிளை திறக்குதுங்க. என்னைப் போய்ப் பொறுப்பா பார்த்துக்கச் சொல்றாங்க. திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்.”

எந்த ஊர் என்று கேட்டார். அவள் சொன்னாள்.

“அட, அந்த ஊருக்கு நம்ம விமானம் நேராவே போகுதே! வாரா வாரம் உன்னைப் பார்க்க வந்தாலே போதும், அட்டைக்குக் கவலையில்ல.”

நம்ம விமானம் என்று உரிமையோடு சொன்னாரே தவிர, அதில் அவருக்கு ஒரு திருகாணிகூடச் சொந்தம் கிடையாது. அவள் “சரி” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவள் விமான நேரம் விசாரிக்க வரவில்லை என்பது மனிதருக்கு உறைக்க இரண்டு நாள் ஆயிற்று. பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது உறைத்தது. போகாதே என்று சொல்வாரா என்று பார்க்கத்தான் வந்திருக்கிறாள். அவள் போய்விட்டால் இந்த வீட்டுக் கதவை அவரே சாவி போட்டுத் திறந்து, அவரே விளக்கைப் போட்டு, அவரே “வந்துட்டேன்” என்று சொல்லிக்கொள்ள வேண்டும். இத்தனை வருஷமாக அவர் எங்கெங்கோ போய்விட்டுத் திரும்பி வந்ததெல்லாம் அவள் இங்கே இருந்ததால்தான். அவள் இல்லாவிட்டால் போவது மட்டும்தான் மிஞ்சும், திரும்புவது என்று ஒன்று இருக்காது.

நேராகச் சமையலறைக்குப் போய் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் பாயிண்டாருக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்றுதான். தங்க அட்டைக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு முறை துணைக்கு ஒருவரைக் காசில்லாமல் தங்களோடு அழைத்துப் போகலாம். வருஷா வருஷம் அந்தச் சலுகை யாருக்கும் பயன்படாமல் காலாவதியாகிக்கொண்டிருந்தது.

“இந்த வெள்ளிக்கிழமை கண்காட்சிக்குப் போறேன். நீயும் வாயேன்,” என்றார்.

“வர்றேன்,” என்றாள்.

பாயிண்டாருக்குத் தலைகால் புரியவில்லை. உடனே உட்கார்ந்து திட்டம் போட்டார். சனிக்கிழமை கண்காட்சி. சாயங்காலம் ஓட்டல் மாடியில் உணவகம், ஊர் முழுக்கத் தெரிகிற மேஜை. அங்கே வைத்துச் சொல்லிவிடுவது. எப்படிப் பார்த்தாலும் திங்கட்கிழமைக்கு முன்னால் சொல்லியாகிவிடும்.

சொந்த ஊரிலேயே விமான நிலையம் இருந்தது. ஆனால் காரில் அரை நாள் போனால் வருகிற பெரிய விமான நிலையத்திலிருந்து பறந்தால் பாயிண்டு அதிகம். ஆகவே விடிந்ததும் மின்சாரக் காரில் கிளம்பினார்கள். பாதி வழியில், நெடுஞ்சாலை ஓரத்தில், நான்கு கம்பமும் ஒரு கழிவறையும் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில் சார்ஜ் ஏற்ற நிறுத்தினார்.

“இது ஏறி முடியற வரைக்கும் என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டாள்.

“மெஷின் என்ன வேகத்துல ஏத்துதுன்னு பார்ப்பேன். கழிவறை சுத்தமா இருக்கான்னு பார்ப்பேன். மார்க் போடுவேன். நான் போடற மார்க்கை நம்பி எவ்வளவு பேர் இந்த ரோட்ல வர்றாங்க தெரியுமா?”

“யார்கூடப் பேசுவீங்க?”

“வீடியோவுல பேசிக்கிட்டேதானே இருக்கேன்.”

அவள் சிரித்தாள். பிறகு பெல்ட்டைக் கழற்றிவிட்டு, அவர் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள். “இன்னிக்குத்தான் நான் இருக்கேனே. என்கூடப் பேசுங்க.”

சொல்லிவிட வேண்டியதுதான் என்று பாயிண்டாருக்குத் தோன்றாமல் இல்லை. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் மாடியில் மேஜை போட்டு வைத்திருக்கிறதே! திட்டம் என்று ஒன்று போட்டால் அதன்படி நடக்க வேண்டும் என்பது அவர் கட்சி. இந்தக் கழிவறை வாசலில் வைத்தா அதைச் சொல்வது? எனவே சார்ஜ் வயர் ஏன் இவ்வளவு தடிமனாக இருக்கிறது என்பதை விளக்கினார். வயருக்குள் குளிர்ந்த திரவம் ஓடுகிறது என்பதையும் விளக்கினார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள், பிறகு முன்பக்கமாகத் திரும்பிப் பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள்.

விமான நிலையத்து லவுஞ்சில் வரவேற்பில் இருந்த பெண் அவரைக் கண்டதும் எழுந்து நின்றாள். “வாங்க சார், உங்க ஜன்னலோர சோபா காலியாத்தான் இருக்கு.” பாயிண்டாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மனைவியைச் சுற்றிக் காட்டினார். சாய்ந்தால் படுக்கையாகிற நாற்காலி, வெந்நீர்க் குளியலறை, மூடியைத் தூக்கினால் ஆவி பறக்கிற சாப்பாட்டு வரிசை. எல்லாம் தன் கையால் கட்டியது போல ஒவ்வொன்றாகக் காட்டினார். அவள் ஜன்னலோர சோபாவின் கைப்பிடியைத் தடவிப் பார்த்தாள்.

“எப்பவும் இங்கதான் இருப்பீங்களா?”

“அடுத்த விமானம் வர்ற வரைக்கும். சில சமயம் அரை நாள்கூட ஆகும். இரு, காபி எடுத்துட்டு வர்றேன். இங்க மெஷின் காபி பிரமாதம்.”

விமானத்தில் ஏறிய பிறகுதான் அந்தக் கூத்து நடந்தது. இரண்டு பேராகப் பயணம் போகிற கண்காட்சிக்காரர்கள் எல்லோரும் செய்கிற ஒரு வித்தை இருக்கிறது. மூன்று இருக்கை வரிசையில் ஜன்னல் ஓரம் ஒருவர், வழி ஓரம் ஒருவர் என்று எடுத்துக்கொண்டு நடுவை விட்டுவிடுவார்கள். நடு இருக்கையைத் தேடி எடுக்க எவருக்கும் பைத்தியமில்லை. விமானம் நிரம்பாவிட்டால் மூன்று இருக்கையும் நமக்கே. எப்போதாவது நண்பர்களோடு போகும்போது பழகியதில், பாயிண்டார் இந்த டிக்கெட்டைப் போட்டபோதும் விரல் தன்பாட்டுக்கு ஜன்னலையும் வழி ஓரத்தையும் தொட்டுவிட்டது. யாருக்காகப் போடுகிறோம் என்று விரலுக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு விமானம் நிரம்பிவிட்டது. கனத்த உடம்பும், மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடியுமாக ஓர் அம்மாள் மூச்சு வாங்க வந்து நடுவில் உட்கார்ந்தார். பாயிண்டார் பதறி எழுந்தார்.

“அம்மா, நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா வர்றோம். நீங்க இந்த ஓரத்துக்கு வந்துடுங்க. நான் நடுவுல உக்காந்துக்கிறேன்.”

“ஒண்ணா வர்றீங்களா? அப்புறம் ஏங்க நடுவுல ஒரு சீட்டை விட்டு எடுத்திருக்கீங்க?”

தவறிப்போய் அப்படி விழுந்துவிட்டது என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் தன் வித்தையைப் பற்றி யாராவது கேட்டால் பாயிண்டாரால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. “பக்கத்துல ஆள் வராம இருக்கத்தான்மா. இப்படி எடுத்தா பெரும்பாலும் நடு சீட்டு காலியாவே வந்துடும். நான் எப்பவும் இப்படித்தான்.”

“அப்போ நான் வரக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டு இருந்தீங்கன்னு சொல்லுங்க!” அந்த அம்மாள் உடம்பு குலுங்கச் சிரித்துக்கொண்டே எழப் பார்த்தார்.

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த மனைவி திரும்பினாள். அந்த அம்மாளின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். “நீங்க இருங்கம்மா. அவருக்குப் பக்கத்துல ஆள் இல்லாமதான் பழக்கம்.”

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாதானப்படுத்தியிருக்கலாம். கோபமே இல்லாமல், ஒருவருக்குச் சர்க்கரை ஆகாது என்று சொல்வது போலச் சொன்னாள். அந்த அம்மாள் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சிரிப்பை விழுங்கிக்கொண்டு அமர்ந்தார். விமானம் கிளம்பப் போகிறது, உட்காருங்கள் என்று பணிப்பெண் வந்து சொன்னாள். பாயிண்டார் உட்கார்ந்தார்.

என்ன செய்வதென்று தெரியாதபோது அவர் எதையாவது காதில் மாட்டிக்கொள்வார். கண்காட்சியில் மதிப்பிடுவதற்காக ஒரு கம்பெனி அனுப்பியிருந்த புதுக் காதுக்கருவியை எடுத்து மாட்டினார். இரைச்சலையெல்லாம் வடிகட்டிவிட்டு, பக்கத்தில் பேசுகிறவர் குரலை மட்டும் எடுத்துக் கொடுக்கும் கருவி அது. கண்ணை மூடிக்கொண்டு அதை இயக்கினார். இஞ்சின் சத்தம் துடைத்தாற்போல நின்றது. மனைவியின் குரல் காதுக்குள்ளேயே கேட்டது.

“உங்க கண்ணாடி இறங்கி இறங்கி வருதே. குடுங்க, சரி பண்ணித் தர்றேன். காது பின்னாடி வளைவு போதல.”

“அட, நிக்குதே! நீங்க என்ன கண்ணாடிக் கடையா?”

“ஆமாங்க. இந்த வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். முதல் தடவை கண்ணாடி போடறவங்க வாசல்ல போய் நின்னு, எதிர்ல இருக்கற மரத்தைப் பார்ப்பாங்க. இலை தனித்தனியாத் தெரியுதேன்னு சின்னப் பிள்ளை மாதிரி சொல்லுவாங்க. அதைப் பார்க்கறதுக்குன்னே நானும் கூடப் போய் நிப்பேன்.”

பாயிண்டார் இதைக் கேட்டதே இல்லை. கேமரா லென்ஸைப் பற்றி ஊருக்கெல்லாம் மணிக்கணக்கில் பேசியிருக்கிறார். அவள் நாள் முழுவதும் கையில் வைத்திருக்கிற கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை விசாரித்ததில்லை. வெட்கமாக இருந்தது. கண்ணைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைக் கதை ஒவ்வொன்றாக வந்து, கடைசியில் புதுக் கிளையும் வந்தது.

“நல்ல விஷயம்தானே. உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?”

“போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இருந்திருப்பேங்க.”

“ஐயோ, மெல்லப் பேசுங்க. காதுல விழப்போகுது.”

“விழாதுங்க. அதை மாட்டிட்டா பக்கத்துல இடி விழுந்தாலும் தெரியாது.”

மாடி உணவகமாவது மண்ணாங்கட்டியாவது! பாயிண்டார் காதுக்கருவியைப் பிடுங்கி எடுத்தார். விமானத்தின் இரைச்சல் மொத்தமும் வந்து மோதியது. நடுவில் இருந்த அம்மாளின் மடிமேல் குனிந்து, மனைவியைப் பார்த்துச் சொன்னார்.

“போகாதேம்மா.”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள், கையில் இருந்த கருவியைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். நடுவில் இருந்த அம்மாள் தலையைப் பின்னால் சாய்த்து, இல்லாதவர் போல இருக்க முயன்றார். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அது நடக்கிற காரியமில்லை.

“போறேன்னு கடையில சொல்லிட்டேங்க,” என்றாள் மனைவி.

“எப்போ? திங்கக்கிழமை வரைக்கும் இருக்குன்னு சொன்னியே?”

“லவுஞ்சுலேர்ந்து, போன்ல. நீங்க காபி எடுக்கப் போனப்ப.”

“ஏன், அங்க என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல. ரொம்ப நல்லா இருந்துச்சு.” அவள் குரல் முதல் தடவையாகக் கொஞ்சம் நடுங்கியது. “ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்ததும், அப்பப்பா என்ன அலைச்சல், தூக்கமில்ல, சாப்பாடு இல்லன்னு சொல்லுவீங்க. நானும் நம்பிட்டேன். நீங்க எங்கயோ கிடந்து கஷ்டப்படும்போது நான் மட்டும் வயிறார சாப்பிடறதான்னு, நீங்க இல்லாத நாள்ல எனக்குன்னு நான் சமைச்சதே இல்ல. ரெண்டு துண்டு ரொட்டி, பால். அவ்வளவுதான். இன்னிக்கு அந்த சோபாவைப் பார்த்தேன்.”

பாயிண்டார் இன்னும் குனிந்தார். “அலைச்சல்னு சொன்னது பொய் இல்லம்மா. அங்க எல்லாம் இருக்கும். ஆனா தட்டு நிறைய எடுத்துட்டு வந்து தனியா உக்காந்தா ஒண்ணும் உள்ள இறங்காது. யாராவது வந்து உக்கார மாட்டாங்களான்னு இருக்கும். நிஜமாவே கஷ்டமாத்தான் இருந்துச்சு.”

“அப்புறம் ஏங்க போனீங்க?”

குத்திக் காட்டுவதற்காக அவள் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பதிலுக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாயிண்டார் யோசித்துப் பார்த்தார். எத்தனை மாதத்துக்கு முன்னால் எந்த டிக்கெட்டை எப்படிப் போட வேண்டும் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார். இதை அவர் தன்னையே ஒரு தடவைகூடக் கேட்டுக்கொண்டதில்லை.

“நான் எழுந்துக்கிறேன், நீங்க உள்ள வாங்க,” என்று அந்த அம்மாள் பெல்ட்டில் கை வைத்தார். இந்தத் தடவை மனைவி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் விமானம் இறங்க ஆரம்பித்துவிட்டது. யாரும் எழக்கூடாது என்று பணிப்பெண் அங்கிருந்தே கையைக் காட்டினாள். மூன்று பேரும் அப்படியே இருந்தார்கள்.

தரையிறங்கியதும் பாயிண்டார் எழுந்து வழிவிட்டார். அந்த அம்மாள் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, மனைவியிடம் தலையசைத்துவிட்டு இறங்கிப் போனார். நடு இருக்கை காலியாயிற்று. பாயிண்டார் உள்ளே நகர்ந்து அதில் உட்கார்ந்தார். அவள் தோள் அவர் தோளில் பட்டது. இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை காலம் ஆயிற்று என்று அவருக்கு நினைவில்லை. ஜனங்கள் பெட்டிகளை இழுத்துக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள். விமானம் காலியாகும் வரை அவர் அசையவில்லை.

கடைசி ஆளும் போன பிறகு அவள் அவர் கையை மெதுவாகத் தொட்டாள்.

“இறங்கணும்ங்க,” என்றாள்.